வாய் மூடிய பிறகு வந்த ‘ளா’

எனக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் வகுப்பில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் ஜட்ஜம்மா.

அதற்குக் காரணம் இருக்கிறது. தொலைக்காட்சியில் புதிதாக ஓர் அனிமே தொடர் தொடங்கினால், அதன் முதல் பகுதியை நான் பார்த்தாக வேண்டும். மறுநாள் மதியம், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்திலுள்ள சிமெண்டுப் படியில் ஏறி நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். முதல் பகுதியைப் பார்த்தே முழுத் தொடரும் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

என்னிடம் மூன்றே தீர்ப்புகள். ‘ஒட்டிக்கோ’ என்றால் ஒரு வாரம்கூட விடாமல் பார்க்க வேண்டும். ‘எட்டிப்பார்’ என்றால் வேறு வேலை இல்லாதபோது பார்க்கலாம். ‘ஓடிப்போ’ என்றால் என்னவென்று உங்களுக்கே புரியும்.

இந்த முறை ஒரே வாரத்தில் மூன்று தொடர்கள் தொடங்கின. முதலாவது ‘எஃகுப் பூனைப் படை’. அதில் சாதாரணப் பூனை எஃகுப் பூனையாக மாறுவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. அதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். எட்டிப்பார்.

இரண்டாவது ‘தூங்குமூஞ்சி மந்திரவாதி’. அவனுக்குத் தூங்கும்போது மட்டும்தான் மந்திரம் வரும். போர்க்களத்தில் எல்லோரும் கத்த, அவன் தலையணையைத் தட்டிச் சரிசெய்தான் பாருங்கள், அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஒட்டிக்கோ.

மூன்றாவது தொடரில்தான் சிக்கல். அதன் பெயர் ‘கடைசி நிறுத்தம்’. அதற்குத் தமிழில் வசனம் எழுதியவள் என் சித்தி. அது என் வகுப்புக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் எல்லோர் பிழைப்பும் வாயில்தான் இருக்கிறது. அம்மா பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள், நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் வெளிச்சம் அடிக்கிறாள். அப்பா பேக்கரியில் கேக் செய்கிறார், அதுவும் வாய்க்குத்தான். சித்தி படத்தில் வருகிறவர்களின் வாயில் வார்த்தைகளை வைக்கிறாள். என் வாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. என் தம்பி வாலுவுக்கு நான்கு வயது, அவன் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுவான்.

சித்தி எங்களோடுதான் இருக்கிறாள். இதுவரை பெரிய எழுத்தாளர்களுக்கு உதவியாளராக இருந்தாள். தனியாக அவளுக்குக் கிடைத்த முதல் தொடர் இதுதான். கணினியில் படத்தை ஓட்டுவாள், நிறுத்துவாள், கைக்கண்ணாடியைப் பார்த்து ஒரு வரியைச் சொல்லுவாள், தலையை ஆட்டிவிட்டு அழிப்பாள்.

“அர்த்தம் சரியா இருந்தா மட்டும் போதாது. வார்த்தை வாய்க்கு உட்காரணும்” என்பாள். “படத்துல வாய் திறந்தா வார்த்தை தொடங்கணும். வாய் மூடினா வார்த்தை முடியணும்.”

சில நாட்களாகச் சாப்பிடும்போதுகூட எங்கள் வாய்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மாலை முதல் பகுதி வந்தது. அதற்கு முன் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சித்தி எழுதினதுன்னு பார்க்காதே. உனக்கு என்ன தோணுதோ அதையே சொல்லு. உன் வாய்ல பொய் வந்தா எனக்குப் பிடிக்காது.”

“எனக்கும்தான்” என்றேன். “கதை எப்படிப் போகும், கொஞ்சம் சொல்லேன்?”

“ம்ஹூம். வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

படம் தொடங்கியதும் சித்தி சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் அம்மாவும் ஒழுங்காக உட்கார்ந்தோம். வாலு சோபாவில் தலைகீழாகப் படுத்துக்கொண்டான்.

திரையில் மழை. பேருந்து போய்ச் சேரும் கடைசி நிறுத்தம். ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் குடை இருக்கிறது, ஆனால் அவர் அதை விரிக்கவில்லை. பேருந்து வருகிறது, யாரும் இறங்கவில்லை. ஓட்டுநர் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார். அடுத்த நாளும் அதே கதை. மழையை அவ்வளவு அழகாக வரைந்திருந்தார்கள். அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

கடைசியில் பழைய காலத்து வண்ணம் பூசிய பேருந்து ஒன்று வருகிறது. அதிலிருந்து மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பையன் இறங்குகிறான். அதுவரை அவனைக் கதையில் காட்டவே இல்லை. நேராகப் பெரியவரிடம் போகிறான், அவரையே பார்க்கிறான், வாயைத் திறக்கிறான்.

“நனைஞ்சிட்டீங்களா?”

பையனின் வாய் மூடிவிட்டது. ஆனால் ‘ளா’ மட்டும் தனியாகப் பின்னால் வந்தது, ரயிலைத் தவறவிட்டவர் நடைமேடையில் ஓடிவருவது போல.

பெரியவர் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். அத்தோடு முதல் பகுதி முடிந்தது.

“அம்மா, அவன் வாயை மூடிட்டே பேசுறான்! ளா! ளா!” வாலு சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து விழுந்தான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ ஒரு பையன் மரியாதையாக “நனைஞ்சிட்டீங்களா” என்று கேட்கிறான். அதற்கு ஒரு பெரியவர் ஏன் இப்படி அழ வேண்டும்? நனைந்தவரைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கேட்பதுதானே? படம் முழுக்கக் காத்திருந்ததற்கு இதுதானா? ‘ஓடிப்போ’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சமையலறையை எட்டிப் பார்த்தேன். சித்தி ஏற்கெனவே கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க ‘ளா’தான்.

“ஹோம்வொர்க் முடிச்சிட்டியா... ளா?” என்று வாசலிலேயே கேட்டான் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் மாலையில்தான் மூடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். யாருடைய குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான்.

டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, “புரிஞ்சுதா?” என்றார். வாயை மூடினார். பின் பெஞ்சிலிருந்து யாரோ “ளா!” என்றார்கள். வகுப்பே குலுங்கியது. எனக்கு மட்டும் காது சூடாகியது. அது சித்தி தூங்காமல் எழுதிய தொடர்.

மதியம் படியில் ஏறினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்று முன்னால் வந்தாள் ஒருத்தி. அவள் பெயரே சந்தேகம்தான். “அந்தப் பெரியவர் எதுக்கு அழுதாரு? காய்ச்சல் வந்துடும்னா?”

“அவருக்கும் அந்த ‘ளா’ கேட்டிருக்கும்” என்றான் ரேடியோ. “சொல்லு ஜட்ஜம்மா. ஓடிப்போதானே?”

‘ஓடிப்போ’ என்று சொன்னால் சித்தி மனசு உடைந்துவிடும். ‘ஒட்டிக்கோ’ என்றால் பொய். ‘எட்டிப்பார்’ என்று நடுவில் நின்று தப்பிக்கலாம், ஆனால் அது அதைவிடப் பெரிய பொய். இது எதுவும் இல்லாமல் வேறொன்றும் என்னை உறுத்தியது. அவ்வளவு அழகாக மழை வரையத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனிதரை ஏன் அழ வைக்கிறோம் என்பது மட்டும் தெரியாமலா போகும்? எதையோ நான் தவறவிட்டிருக்கிறேன்.

“நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

“நாளைக்கா!” ரேடியோ இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். “ஜட்ஜம்மா வாய்தா போடுறாங்கடா! சித்தி படம்னதும் பயம் வந்துடுச்சு!”

“பயமா? எனக்கா? இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன். சரியாப் பார்க்காம தீர்ப்புச் சொன்னா அது தீர்ப்பே இல்ல, ரேடியோ. வெறும் சத்தம்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் நேரம் இருந்தும், வாயை மூடிக்கொண்டான்.

அன்று மாலை நிஜமாகவே மழை கொட்டியது. சித்தி தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“நம்ம எழுத்து எல்லாரையும் சிரிக்க வெச்சிடுச்சு. நான் எழுதினது சோகக் கதை, அதான் ஒரு சின்னச் சிக்கல்” என்றாள். “சேனலுக்கு நிறையப் பேர் போன் பண்ணிக் கிண்டல் பண்ணாங்களாம். இனிமே வேற பெரிய எழுத்தாளர்கிட்ட கொடுக்கலாமான்னு டப்பிங் டைரக்டர் யோசிக்கிறாரு. சனிக்கிழமை ஒலிப்பதிவுக்கு முன்னாடி சொல்லிடுவாராம். பரவாயில்ல, எனக்கும் ஓய்வு வேணும்ல?”

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அப்பாகூட நம்பிவிட்டார். அப்போது அம்மா உள்ளேயிருந்து துண்டோடு வந்தாள். சித்தியின் தலையில் அதைப் போட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நனைஞ்சிட்டியா?”

அவ்வளவுதான். சித்தியின் உதடு துடித்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தாள். அம்மா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வழியில் பக்கத்து வீட்டு அக்காவும் “ஐயையோ, நனைஞ்சிட்டீங்களா?” என்று கேட்டிருப்பார். பேருந்தில் யாராவது கேட்டிருப்பார்கள். அதற்கெல்லாம் சித்தி அழவில்லை. அம்மா கேட்டதும் அழுகிறாள். ஏனென்றால் அம்மா அவளுடைய அக்கா.

எனக்குப் பளிச்சென்று ஏதோ புரிந்தது. அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினேன். சேனலின் செயலியில் முதல் பகுதி இருந்தது. கடைசிக் காட்சிக்குத் தள்ளினேன். சத்தத்தை முழுவதுமாக அணைத்தேன்.

பையன் பேருந்திலிருந்து இறங்கினான். சத்தம் இல்லாமல் பார்த்தபோதுதான் அவன் முகத்தையே பார்த்தேன். அது தெரியாத பெரியவரைப் பார்க்கும் முகமே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் மழையில் விளையாடிய வாலுவைப் பார்த்து நான் வைத்துக்கொள்ளும் முகம் அது. பாதி கோபம், பாதி பாசம்.

அவன் வாய் திறந்து மூடியபோது நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “நனைஞ்சிட்டீங்களா?” ‘ளா’ வெளியே நின்றது. மறுபடி ஓட்டினேன். இந்த முறை அம்மா கேட்ட மாதிரியே கேட்டேன். “நனைஞ்சிட்டியா?”

வாய் மூடியது. வார்த்தையும் முடிந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

பெரியவர் அழுதார். இந்த முறை எனக்கும் மூக்கு அடைத்தது.

கூடத்துக்கு ஓடினேன். சித்தி அழுது முடித்துவிட்டு வாலுவின் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“சித்தி! அந்தப் பையன் பெரியவரோட அண்ணன்தானே?”

பிஸ்கட் பாதியில் நின்றது. “யாரு சொன்னா? நான் வாயே திறக்கலையே!”

“அந்தப் பையன் திறந்தானே!”

“ஐயோ, கத்தாதே” என்று சித்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “சரி, கண்டுபிடிச்சவகிட்ட மறைச்சு என்ன பண்றது. சின்ன வயசுல பஸ் ஏறிப் போன அண்ணன். பஸ் எங்கெங்கேயோ சுத்திட்டு இப்பதான் வந்திருக்கு. தம்பி கிழவராயிட்டாரு, அண்ணன் அப்படியே இருக்கான்.”

“அப்ப நீ ஏன் ‘நீங்க’ன்னு எழுதினே?”

“நான் எழுதலை. ‘நனைஞ்சிட்டியா’ன்னுதான் எழுதினேன். ஒலிப்பதிவு அன்னிக்கு டைரக்டர் மாத்திட்டாரு. சின்னப் பையன் பெரியவரைப் பார்த்து ‘நீ’ன்னு கேட்டா பார்க்கிறவங்க திட்டுவாங்கன்னு சொன்னாரு. ‘ஒரு எழுத்து நீளும் சார்’னு கருவியைப் பார்த்துக்கிறவர் சொன்னாரு. ‘ஒரு எழுத்துதானே, யார் கவனிக்கப் போறா’ன்னுட்டாரு.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

சித்தி பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சொல்லியிருக்கணும். அவரு முதல் பகுதியை மட்டும்தான் பார்த்திருந்தாரு. நான் மேலயும் பார்த்திருந்தேன். ஆனா புது ஆளுன்னு நினைச்சதும் வாய் வரலை.”

அடுத்தவர் வாய்க்கெல்லாம் வார்த்தை தேடித் தருகிறவளுக்குத் தன் வாய்க்கு ஒன்று கிடைக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரம் இல்லை.

“சனிக்கிழமை எனக்கு லீவு” என்றேன். “நானும் வர்றேன். நீ பேசு, நான் பக்கத்துல நிக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை மதியம் படியைச் சுற்றி வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். வாய்தா போட்ட வழக்கு என்றால் சும்மாவா.

“தீர்ப்புக்கு முன்னாடி ஒரு சாட்சி விசாரணை இருக்கு” என்றேன். சந்தேகத்தைப் படியில் உட்கார வைத்து, மடியில் ஒரு குடையைக் கொடுத்தேன். “நீதான் பெரியவர். ரேடியோ, நீ மழைக்கோட்டுப் பையன். முதல்ல டிவியில வந்த மாதிரியே கேளு.”

ரேடியோ மஞ்சள் பையை முதுகில் போர்த்திக்கொண்டு வந்தான். “நனைஞ்சிட்டீங்க... ளா?” எல்லோரும் சிரித்தார்கள்.

“நல்லா சிரிச்சாச்சா? இப்ப அந்த வார்த்தையை மாத்து. ‘நனைஞ்சிட்டியா’ன்னு கேளு. விளையாட்டுக்கு இல்ல. உன் வீட்டுல உனக்குத் தங்கச்சி இருக்கால்ல, அவளைக் கேட்கிற மாதிரி கேளு.”

ரேடியோ முதுகிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டான். பிறகு சந்தேகத்தின் முன்னால் குனிந்தான். குரல் தானாகத் தணிந்தது.

“நனைஞ்சிட்டியா?”

யாரும் சிரிக்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. சந்தேகம் அவனையே பார்த்தாள். அவள் கையிலிருந்து குடை விழுந்தது. அது நடிப்பில்லை, நிஜமாகவே மறந்து விட்டுவிட்டாள்.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றாள் மெதுவாக. “ஒரு சின்னப் பையன் பெரியவரை ‘நீ’ன்னு கேட்கிறான். அவரும் கோவிக்காம அழுறாரு. அப்படின்னா அவன்... அவரைவிடப் பெரியவனா?”

“அதை அடுத்த பகுதிதான் சொல்லணும்” என்றேன். சித்தியின் கையெழுத்தை நான் காப்பாற்ற வேண்டுமே. “இப்போ தீர்ப்பு. கதை, ஒட்டிக்கோ. அதுல ஒரே ஒரு எழுத்து மட்டும், ஓடிப்போ!”

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. ரேடியோதான் கடைசிவரை தட்டினான்.

சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மைக், இந்தப் பக்கம் பொத்தான்கள் நிறைந்த பெரிய மேசை. செருப்பை வெளியே விட வேண்டும், சத்தம் வருகிற வளையல் கூடாது, பிஸ்கட் பாக்கெட் கூடவே கூடாது. வாலுவை இங்கே அழைத்து வந்தால் அன்றைக்கே கூடத்தை மூடிவிடுவார்கள்.

மழைக்கோட்டுப் பையனுக்குக் குரல் கொடுப்பவர் மைக் முன்னால் நின்றார். பையன் இல்லை, அம்மா வயதில் நெட்டையாக ஓர் அக்கா! என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

டைரக்டருக்கு நல்ல பெருத்த உடம்பு. கையில் எப்போதும் வெந்நீர்க் குடுவை. தொண்டை கெட்டுவிடும் என்று ரகசியம் பேசுவது போலத்தான் பேசுவார். அதனாலேயே எல்லோரும் அவருக்கு இன்னும் அதிகமாகப் பயந்தார்கள்.

சித்தியின் கை என் கையை இறுக்கியது. “சார்” என்றாள். “முதல் பகுதியில அந்தக் கடைசி வரி, நான் எழுதினபடியே இருந்தாத்தான் சரியா வரும். அந்தப் பையன் ‘நீ’ன்னுதான் கேட்கணும் சார். அவன் அண்ணன்.”

முதலில் கொஞ்சம் குரல் நடுங்கியது. ‘அண்ணன்’ என்று சொல்லும்போது நடுங்கவில்லை.

டைரக்டர் வெந்நீரை ஒரு மிடறு குடித்தார். “அண்ணனா இருக்கட்டும்மா. அது பார்க்கிறவங்களுக்கு இன்னும் தெரியாதே. அவங்க கண்ணுக்கு அவன் சின்னப் பையன். பெரியவங்களுக்கு மரியாதை வேணாமா?”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் ஓரடி முன்னால் வந்தேன்.

“சார், உங்களுக்கு அக்கா இருக்காங்களா?”

“இது யாரு?”

“என் அக்கா பொண்ணு சார்” என்றாள் சித்தி.

“இருக்காங்க. ஒரு அக்கா.”

“அவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். பொத்தான் மேசைக்காரர் ரொம்ப அவசரமாக ஒரு பொத்தானைத் துடைத்தார். டைரக்டர் வழக்கத்தைவிட மெல்லிய குரலில் சொன்னார். “டேய் குண்டு.”

“சாப்பிட்டியான்னு எப்படிக் கேட்பாங்க?”

“‘குண்டு, சாப்பிட்டியாடா?’ன்னு.”

“ஒருநாள் அவங்க உங்களைப் பார்த்து, ‘நீங்க சாப்பிட்டீங்களா?’ன்னு மரியாதையா கேட்டா?”

டைரக்டர் உடனே சொன்னார். “என் மேல பயங்கரக் கோவத்துல இருக்காங்கன்னு அர்த்தம்!”

சொன்ன பிறகு வெந்நீர் குடிக்கவே மறந்துவிட்டார். குடுவை கையிலேயே இருந்தது.

“பார்க்கிறவங்களுக்கு அவன் அண்ணன்னு தெரியாதுதான் சார்” என்றேன். “ஆனா ‘நீ’ன்னு கேட்டதும், ஏன் அப்படிக் கேட்டான்னு யோசிப்பாங்க. யோசிச்சா அடுத்த வாரமும் வருவாங்க. எங்க வகுப்பே வரும்.”

அப்போது ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெட்டை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார், மன்னிச்சிடுங்க. உங்க பக்கத்து மைக் ஆன்லயே இருக்கு. எனக்கு எல்லாம் கேட்டுச்சு... ‘குண்டு’ உட்பட.”

டைரக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொண்டை கெட்டாலும் பரவாயில்லை என்று சத்தமாகவே சிரித்தார். பிறகு கையைத் தட்டினார். “அந்தக் காட்சியைப் போடுங்க. அவங்க எழுதினபடியே பேசுங்கம்மா.”

விளக்கு மங்கியது. திரையில் மழை. பையன் இறங்கினான். நெட்டை அக்கா மைக் அருகே குனிந்தார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் வயிறு ‘கொர்ர்ர்’ என்றது.

“பஸ் சத்தம் ஏற்கெனவே இருக்கே” என்றார் பொத்தான் மேசைக்காரர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடியும் போட்டார்கள். வயிற்றை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டேன்.

“நனைஞ்சிட்டியா?”

வாய் மூடியது. வார்த்தை முடிந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. குடை விழுந்தது.

டைரக்டர் சித்தியின் பக்கம் திரும்பினார். “முதல் பகுதியைத் திருத்தி அடுத்த வாரம் மறுபடி போடச் சொல்றேன். அது முடிஞ்சதும் ரெண்டாவது பகுதி. தொடர் முழுக்க நீங்களே எழுதுங்க. ஒரே ஒரு நிபந்தனை. நான் தப்பா மாத்தினா, அப்பவே வாயைத் திறந்து சொல்லணும்.”

“சொல்றேன் சார்” என்றாள் சித்தி. உடனே சேர்த்துக்கொண்டாள். “ரெண்டாவது பகுதியில நீங்க மாத்தின ஒரு இடம் இருக்கு. அதையும் இப்பவே பேசிடலாமா?”

டைரக்டர் குடுவையைத் திறந்தார். இனி நிறைய வெந்நீர் தேவைப்படும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

புதன்கிழமை சித்தி சமையலறைக்குப் போகவில்லை. சோபாவின் நடுவில், தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவும் பேக்கரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார்.

“நனைஞ்சிட்டியா?” என்று பையன் கேட்டான். பெரியவர் அழுதார்.

வாலு தலைகீழாகப் படுத்திருந்தவன் நேராக எழுந்து உட்கார்ந்தான். ‘ளா’ எங்கே என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்கவில்லை. “அந்தப் பையனுக்கு அவரைத் தெரியுமா?” என்றான்.

“தெரியும்டா” என்றாள் சித்தி. “ரொம்ப நல்லாத் தெரியும்.”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாவு பட்டுடுச்சு” என்றார்.

“குளிச்சுட்டுத்தானே வந்து உட்கார்ந்தீங்க?” என்று கேட்ட அம்மா, சித்தியின் தோளில் கை போட்டுக்கொண்டாள். தலையணை ஈரமாகியிருந்தது. ஆனால் இந்த அழுகை வேறு அழுகை. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் காலையில் நல்ல மழை. குடையை எடுக்க மறந்துவிட்டேன். பள்ளி வாசலுக்குள் ஓடி நுழையும்போது என் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. வராந்தாவில் ரேடியோ, சந்தேகம், இன்னும் பாதி வகுப்பு நின்றிருந்தது. ரேடியோ என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தான்.

வரட்டும், அந்தக் கடைசி ‘ளா’வையும் கேட்டுவிடலாம் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன்.

“நனைஞ்சிட்டியா?” என்று கேட்டான். தன் துண்டை என்னிடம் நீட்டினான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

அதற்குப் பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை. வார்த்தை சரியாக வாய்க்கு உட்கார்ந்தது.